10 கிலோமீட்டர் ஓடிய பிறகு 5 ஏன் சின்னதாகிறது? பீமன் ஓடிய ஊரிலிருந்து ஒரு விளக்கம்!

வணக்கம் மக்களே!

போன மாதம் வரை ஐந்து கிலோமீட்டர் என்றாலே உங்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு பத்து ஓடிவிட்டீர்கள். நாகர்கோவில் கோட்டாறில் கிளம்பி, சுசீந்திரம் தெப்பக்குளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். வியாழக்கிழமை மறுபடியும் பழைய ஐந்து. அதே ரோடு, அதே ஷூ, வளைவில் துரத்துகிற அதே நாய். ஆனால் மூன்றாவது கிலோமீட்டரில் வழக்கமாக வருகிற "இன்றைக்கு இது போதுமே" என்ற குரலைக் காணோம். ஐந்து முடிந்ததே தெரியாமல் முடிகிறது.

நாலு நாளில் கால் அவ்வளவு பலமாகிவிட்டதா? அதற்கு வாய்ப்பே கிடையாது. தைரியம் அன்றைக்கே வந்துவிடுகிறது, பலம் மாதக்கணக்கில் தாமதமாக வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நாட்களில்தான் நிறைய பேருடைய கால் உடைகிறது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, எலும்பே உடைகிறது. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். நடுவில் பீமன் வேறு வருகிறார், வீடியோவை விட்டுப் போய்விடாதீர்கள்.

(திரையில்: இதயம், தசை வரைபடம். வேகமாக ஓடட்டும்.)

பாடப்புத்தகப் பகுதியை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். முதலில் கூடுவது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. அதற்குச் சில நாட்களே போதும். இதயம் ஒரு துடிப்பில் கூடுதல் ரத்தத்தைத் தள்ளும், அதனால் பழைய வேகத்தில் துடிப்பு கொஞ்சம் குறையும். தசைக்குள் எரிபொருளை எரிக்கிற மைட்டோகாண்ட்ரியா பெருக வாரங்கள் ஆகும். நுண்ணிய ரத்தக்குழாய்கள் முளைக்க அதைவிடக் காலம் பிடிக்கும். 1967இல் ஜான் ஹோலோசி என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளை டிரெட்மில்லில் மூன்று மாதம் ஓடவிட்டு, அவற்றின் தசையில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்காவதைக் காட்டினார். எலிக்கே மூன்று மாதம். நாம் நாலு நாளில் கேட்கிறோம்.

சீக்கிரமாக வருகிற இன்னொரு விஷயமும் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான். பத்து ஓடிய இரண்டாம் நாள் மாடிப்படி இறங்கும்போது தொடை கதறும் இல்லையா? சிலர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குவார்கள். இரண்டாவது முறை அதே தூரம் ஓடினால் அந்த வலி பாதிகூட இருக்காது. ஒருமுறை அப்படி அடிபட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே மாதிரி அடிபடாமல் தன்னைக் காத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. குறிப்பாக இறக்கத்தில் ஓடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்து ஆட்கள் இப்போது தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நீண்ட தூரம் ஓடினால் வேகம் போய்விடும் என்று ஜிம்மில் ஒரு அண்ணன் சொல்வார், எல்லா ஜிம்மிலும் அப்படி ஒரு அண்ணன் இருப்பார். அவரிடம் பீட்டர் ஸ்னெல் பெயரைச் சொல்லுங்கள். நியூசிலாந்துக்காரர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் தங்கம். 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம். இரண்டு நிமிடம்கூட நீடிக்காத பந்தயத்துக்கு அவருடைய பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் கொடுத்த மருந்து, மலைப்பாதையில் சுமார் 35 கிலோமீட்டர் நீண்ட ஓட்டம். முதலில் அடித்தளம், வேகம் அப்புறம்.

சரி, இப்போது தலைக்குள் போவோம்.

1977இல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் ஒரு கேள்வியை எடுத்தார். "என்னால் இது முடியும்" என்ற நம்பிக்கை மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது? நான்கு வழி சொன்னார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், அப்புறம் தன் உடம்பின் அறிகுறிகளைத் தான் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இவற்றில் பலமானது முதலாவதுதான். ஸ்டேட்டஸில் வைக்கிற பொன்மொழி மூன்றாவது வகையில் சேரும், அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான்காவதைக் கொஞ்சம் கவனியுங்கள். பத்து ஓடுவதற்கு முன்னால் மூச்சு வாங்கினால் "ஐயோ, நெஞ்சு" என்று தோன்றும். ஓடிய பிறகு அதே மூச்சுக்கு "நாலாவது கிலோமீட்டரில் இப்படித்தான் இருக்கும், ஆறில் சரியாகிவிடும்" என்று அர்த்தம் மாறுகிறது. நுரையீரல் பழையதுதான். அதைப் படிக்கிற ஆள் மாறிவிட்டார்.

(திரையில்: காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, வெறுங்கால்.)

இந்த நான்கையும் ஒரே ராத்திரியில் பார்க்க வேண்டுமென்றால் குமரி மாவட்டத்துக்குத்தான் வரவேண்டும். மகா சிவராத்திரி. சிவாலய ஓட்டம்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கல்குளம், விளவங்கோடு வட்டாரத்தில் பன்னிரண்டு சிவன் கோயில்கள். முஞ்சிறை திருமலையில் தொடங்கும். அப்புறம் திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியாகத் திருநட்டாலம். மொத்தம் சுமார் 110 கிலோமீட்டர் என்பார்கள். விரதமிருந்து, வெறுங்காலோடு, கையில் விசிறியும் இடுப்பில் திருநீற்றுப் பையுமாக, "கோவிந்தா! கோபாலா!" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஓடுவார்கள். சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் ஏன் பெருமாளைக் கூப்பிடுகிறார்கள்? இந்த இடத்துக்குத்தான் நான் ஆரம்பத்திலிருந்து காத்துக்கொண்டிருக்கிறேன்.

கதை இப்படிப் போகிறது. பாண்டவர்களின் யாகத்துக்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டும். பாதி மனிதன், பாதி மிருகம். முரட்டுச் சிவபக்தன். திருமாலின் பெயர் காதில் விழுந்தாலே ஆகாது. பீமனை அனுப்புகிறார் கிருஷ்ணர், கையில் பன்னிரண்டு உருத்திராட்சங்களைக் கொடுத்து. பீமன் போய் "கோவிந்தா, கோபாலா" என்று சத்தம் போட, புருஷாமிருகம் துரத்த ஆரம்பிக்கிறது. நெருங்கிவிட்டது என்றதும் பீமன் ஓர் உருத்திராட்சத்தைக் கீழே போடுகிறான். அது சிவலிங்கமாகிறது. பக்தனாயிற்றே, பூசை செய்யாமல் தாண்ட முடியுமா? புருஷாமிருகம் நின்று பூசையை முடிப்பதற்குள் பீமன் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறான். இப்படிப் பன்னிரண்டு இடம். பன்னிரண்டாவதும் தீர்ந்து, பீமன் புருஷாமிருகத்தின் எல்லையைத் தாண்டும்போது பிடிபடுகிறான். ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம். வழக்கு தருமரிடம் போகிறது. தம்பி என்றும் பார்க்காமல் "பாதி உடம்பு புருஷாமிருகத்துக்கு" என்று தீர்ப்புச் சொல்கிறார். இப்படி ஓர் அண்ணன் நடுவராக இருந்தால் எந்த மாரத்தானிலும் தகராறே வராது!

இனி ஓட்டக்காரனின் கண்ணால் பாருங்கள். பீமன் 110 கிலோமீட்டரை ஒரே நீளமாக ஓடவே இல்லை. ஓர் உருத்திராட்சம் விழும் வரை ஓடினான், அப்புறம் அடுத்தது. ஓடுகிற பக்தருக்கும் அதே கணக்குதான். முஞ்சிறையில் நிற்கும்போது திருநட்டாலத்தை யாரும் நினைப்பதில்லை, திக்குறிச்சிதான் குறி. கல்குளத்துக்கும் மேலாங்கோட்டுக்கும் இடையே தூரம் குறைவு, கால் தளர்ந்த நேரத்தில் அந்தக் குட்டித் தூரம் கிடைப்பது பெரிய ஆறுதல். நடுவில் ஊர்க்காரர்கள் மோரும் பானகமும் சுக்கு காபியும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். இன்றைக்குப் பைக்கிலும் வேனிலும் போகிறவர்கள் நிறைய, அதைக் குறை சொல்ல நான் ஆளில்லை. ஆனாலும் ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பண்டூராவின் இரண்டாவது வழியை நினைத்துப் பாருங்கள், தன்னைப் போன்ற ஒருவரைப் பார்ப்பது. டிவியில் ஒலிம்பிக் வீரரைப் பார்த்தால் கைதட்டத் தோன்றும், ஓடத் தோன்றாது. ஆனால் பக்கத்து வீட்டு மாமா, தொப்பையோடு, டீக்கடையில் தினமும் உட்கார்ந்திருக்கிற அதே மாமா, பொன்மனை தாண்டிப் போகிறார் என்றால் வீட்டில் இருக்கிற பையனுக்கு "அப்ப எனக்கு ஏன் முடியாது?" என்று தோன்றும்தானே? எனக்குத் தெரிந்து இந்த மாவட்டத்தின் மிகப் பெரிய ஓட்டப் பயிற்சி மையம் அந்த ராத்திரிதான். நீங்கள் ஓடுகிற பாதையில் எதையெல்லாம் உருத்திராட்சமாக வைத்திருக்கிறீர்கள்? சர்ச், பெட்ரோல் பங்க், பாலம், பழம்பொரி கடை, எதுவானாலும் கமெண்டில் எழுதுங்கள். பழம்பொரி கடையில் பூசை செய்யாமல் தாண்டுகிறவர்களுக்குத் தனி மரியாதை.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன ஆபத்து.

கான்கிரீட் போட்ட மறுநாள் அதன் மேல் ஏறி நிற்கலாம், ஆடாது. அதை நம்பி அன்றைக்கே மேலே இன்னொரு மாடி எழுப்பினால் கொத்தனார் நம்மை அடிக்க வருவார், பல நாள் தண்ணீர் ஊற்றிக் காத்திருக்க வேண்டும். எலும்பும், தசையை எலும்போடு கட்டுகிற குதிகால் நாணும் அப்படித்தான். தசை வாரங்களில் தேறும், நாணுக்கு மாதங்கள் ஆகும். எலும்பின் சங்கதி இன்னும் விசித்திரம். புதுப் பளு வந்ததும் அது முதலில் பழைய பகுதியைக் கரைக்கும், அப்புறம்தான் புதிதாகக் கட்டும். அதாவது, நடுவில் சில வாரங்கள் முன்பைவிடக் கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். உங்களுக்கோ அந்த வாரங்களில்தான் தைரியம் தலைக்கேறியிருக்கும்!

1855இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். அடி படவில்லை, விழவில்லை, ஆனாலும் வலி. காரணம் பிடிபடவில்லை. 1895இல் எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது எலும்பு விரிசல் என்று தெரிந்தது. நாற்பது வருடம் எத்தனை சிப்பாய்களிடம் "நடிக்கிறாயா?" என்று கேட்டிருப்பார்களோ!

வாரத்துக்குப் பத்து சதவீதம்தான் கூட்ட வேண்டும் என்ற விதி கேள்விப்பட்டிருப்பீர்கள். 2008இல் நெதர்லாந்தில் புதிய ஓட்டக்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். விதிப்படி மெதுவாகக் கூட்டியவர்களிலும் வேகமாகக் கூட்டியவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் காயப்பட்டார். விதி அவ்வளவாக உதவவில்லை. 2025இல் ஐயாயிரத்துக்கும் அதிகமான ஓட்டக்காரர்களைக் கவனித்த ஆய்வு ஒன்று வேறு இடத்தைச் சுட்டியது. வாரக் கணக்கைவிட, கடந்த 30 நாட்களில் ஓடிய நீண்ட ஓட்டத்தை ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் தாண்டுவதுதான் காயத்தோடு தெளிவாகச் சேர்ந்து வந்தது. அதாவது ஞாயிற்றுக்கிழமை பத்து ஓடிய குஷியில் அடுத்த ஞாயிறு பதினைந்துக்குப் போவது.

அந்தக் குஷியை ஊதிவிட நம் ஊரில் காற்றும் இருக்கிறது. ஆடி மாதம் நாகர்கோவிலில் இருந்து தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் ஓடிப் பாருங்கள். கணவாயை நோக்கிப் போகிற காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். வாட்சில் வேகத்தைப் பார்த்தால் உலக சாம்பியன் மாதிரி இருக்கும். பாதையோரத்துக் காற்றாலைகள் சுற்றுகிற சுற்றைப் பார்த்தாவது உஷாராக வேண்டும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கை வைக்கும்.

நான் சொல்வது இதுதான். பத்தைத் தொட்டுவிட்டால் மூன்று நாலு வாரம் அங்கேயே இருங்கள். நீண்ட ஓட்டம் வாரத்துக்கு ஒன்று போதும், அதுவும் பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில். முந்தின ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும், கிளம்பும் முன் இரண்டு மட்டி வாழைப்பழம், முடித்த பிறகு கிடைத்தால் அக்கானி, அதாவது பதநீர். விலை கூடிய எனர்ஜி ஜெல் பாக்கெட் இந்தத் தூரத்துக்குத் தேவையே இல்லை.

முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்க எலும்பில் வலி வந்தால் கட்டைவிரலால் அந்த எலும்பை மேலிருந்து கீழாக மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நீளமாகப் பரவிய வலி என்றால் பெரும்பாலும் ஓய்வில் அடங்கும். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே புள்ளியில் சுரீர் என்றால், ராத்திரி படுத்த பிறகும் வலித்தால், ஓட்டத்தை அன்றைக்கே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், ஆரம்ப நாட்களில் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமலே போகலாம். "எக்ஸ்ரே நார்மல்" என்று வந்ததும் ஷூவை மாட்டாதீர்கள், வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சொத்தவிளை, முட்டம் பக்கம் கடற்கரை மணலில் ஓடலாமா என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். அது தனி வீடியோ, அடுத்து வருகிறது. சப்ஸ்கிரைப் பட்டனை இப்போதே அழுத்திவிட்டுப் போங்கள் மக்களே.