டீக்கடையில் கடவுள்: சண்டை எங்கே தடம் மாறுகிறது?

(காட்சி: காசிமேடு மீன்பிடித் துறைமுகம், விடிந்தும் விடியாத நேரம்)

ஏலம் முடிந்துவிட்டது. ஐஸ் தண்ணீர் இன்னும் தரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. டீக்கடை பெஞ்சில் மீன் விற்கும் அக்கா, கூடையைக் காலடியில் இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே கறுப்புச் சட்டையில் போட் மெக்கானிக் அண்ணன். இருவருக்கும் இருபது வருஷப் பழக்கம். சண்டைக்கும் அதே வயசுதான்.

எதில் ஆரம்பித்தாலும் பேச்சு 2004 டிசம்பர் 26-க்கு வந்துவிடும்.

"சுனாமி அன்னிக்கு எங்க வூட்டுக்காரரு நடுக்கடல்ல இருந்தாரு நைனா. ஆத்தாதான் காப்பாத்துனா."

"யக்கா, ஆழத்துல அந்த அலைக்கு உயரமே கிடையாது. படகுக்கு அடியில போறதே தெரியாது. இதுல ஆத்தா எங்க வந்தா?"

"அது எனக்குந் தெரியும். அன்னிக்குன்னு பார்த்து அவரைக் கடலுக்கு அனுப்புனது யாரு?"

"அப்போ கரையில நின்ன புள்ளைங்களை அங்கயே நிக்க வுட்டது யாரு?"

அக்கா பதில் சொல்லவில்லை. கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

(காட்சி: அலையின் வரைபடம்)

சரி, யார் ஜெயித்தார்கள்? அறிவியலில் அண்ணன் சொன்னது சரி. ஆழ்கடலில் சுனாமி ஜெட் விமான வேகத்தில் போகும். ஆனால் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது. கரை நெருங்க ஆழம் குறையும், அலையின் முன்பகுதி வேகம் இழக்கும், பின்னால் வரும் தண்ணீர் அதன்மேல் ஏறும். உயரம் அங்கேதான் வருகிறது.

ஆனால் அக்கா கேட்டது இதையல்ல. 'எப்படித் தப்பினார்' என்பது ஒரு கேள்வி, 'ஏன் அவர்' என்பது வேறு கேள்வி. அதற்கு அண்ணன் 'தற்செயல்' என்று சொல்லியிருக்கலாம். நேர்மையான பதில்தான். கேட்பவர் மனசு அடங்குமா என்பது வேறு விஷயம். அவரோ அதைச் சொல்லாமல் மூன்றாவது கேள்விக்குத் தாவினார்: நல்ல கடவுள் இருந்தால் குழந்தைகள் ஏன் சாக வேண்டும்? எல்லா மதத்துக்காரர்களையும் திணற வைக்கும் கேள்வி இது. முன்வினை என்பார்கள், சோதனை என்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் முன்வினை என்று சொல்வதைப்போல் கொடுமை வேறில்லை என்பது என் எண்ணம்.

நம் ஊரில் இந்தக் குழப்பம் இன்னொரு விதத்திலும் நடக்கிறது. 1924-இல் பெரியார் வைக்கத்தில் சிறைக்குப் போனது எதற்காக? கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடப்பதற்காக. கடவுள் உண்டா இல்லையா என்பதே அங்கே பேச்சில்லை. தெருவில் நடக்கும் உரிமையைக் கேட்பவனிடம் ஆன்மாவைப் பற்றிப் பேசினால், அது பதிலே ஆகாது.

(காட்சி: ஏழுகிணறு, வீராசாமி தெரு)

அப்புறம், பாதி மேற்கோள் என்று ஒரு வியாதி. இந்தத் தெருவில்தான் வள்ளலார் வளர்ந்தார். நடக்கிற தூரத்தில் கந்தகோட்டம் முருகன் கோயில். "சாதியும் மதமும் சமயமும் பொய்" என்று அவர் பாடியதை நாத்திக மேடையில் முழங்குவார்கள். கைத்தட்டல் காதைப் பிளக்கும். அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. "பொய்யென ஆதியில் உணர்த்திய அருட்பெருஞ்ஜோதி" என்று போகிறது. அதாவது, மதம் பொய் என்று தனக்கு உணர்த்தியதே கடவுள்தான் என்கிறார்! பக்தர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஜோதியை வைத்துக்கொண்டு, சாதி பொய் என்ற பாதியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுவார்கள்.

(காட்சி: ஓலைச்சுவடி)

இதெல்லாம் நமக்குப் புதுசும் இல்லை. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசு அறைபவன், சமயவாதிகளே, பட்டிமண்டபத்தின் முறை அறிந்து ஏறுங்கள் என்கிறான். பகைவரோடும் கோபமும் கலகமும் வேண்டாம், விலகிப் போங்கள் என்றும் சொல்கிறான். கடைசிப் பகுதியில் வஞ்சி நகரில் ஒரு பூதவாதி, அதாவது நிலம், நீர் போன்ற பூதங்களே எல்லாம் என்பவன், வருகிறான். கண்ணால் காண்பதே சான்று, ஊகித்து அறிவதெல்லாம் செல்லாது என்கிறான். மணிமேகலை சிரித்துவிட்டுக் கேட்கிறாள்: உன் தாய் தந்தை இன்னார் என்று அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய்?

மடக்கிவிட்டாள். ஆனால் இதை ஆத்திகத்தின் வெற்றியாக எடுத்துக்கொள்ள முடியாது. மணிமேகலை பௌத்த வழியில் போனவள், பௌத்தத்தில் படைப்புக் கடவுளே இல்லை. அவள் உடைத்தது 'பார்த்தால்தான் நம்புவேன்' என்ற ஒரு வாதத்தை மட்டும்தான். இன்றைய நாத்திகர் யோசித்தால், டிஎன்ஏ பரிசோதனையும் அனுமானம்தான், ஆனால் சரிபார்க்கக்கூடிய அனுமானம் என்று பதில் சொல்லலாம். ஆத்தா காப்பாற்றியதை எப்படிச் சரிபார்ப்பது என்று திருப்பியும் கேட்கலாம். வாதம் அங்கிருந்து நகரும்.

(காட்சி: மீண்டும் துறைமுகம்)

போன மாதம் அக்கா வீட்டுப் படகுக்கு இன்ஜினைப் பிரித்து மாட்டியது அண்ணன்தான். கிளம்புவதற்கு முன் அக்கா தட்டில் கற்பூரம் ஏற்றினார்.

"யக்கா, டீசல் டேங்க் பக்கம் வேணாம்."

"ஆத்தா பாத்துக்குவா."

"ஆத்தா பாத்துக்குவா. நீ ரெண்டடி தள்ளி நில்லு."

அக்கா தள்ளி நின்றார். அண்ணன் இன்ஜினை ஸ்டார்ட் செய்தார்.