ஆண்டுதோறும் ஒரு சின்னச் சட்டை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பள்ளி திறக்க இன்னும் நான்கு நாட்கள்தான் இருக்கின்றன. மகனுடைய கால்சட்டையின் அடிமடிப்பைப் பிரித்து இறக்கிக்கொண்டே உங்களோடு பேசுகிறேன். போன ஜூனில் கணுக்காலை மூடிய துணி இப்போது நான்கு விரற்கடை மேலே நிற்கிறது.

போன மாதம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அவனுடைய ஆச்சியின் ஊறுகாய் ஜாடி உடைந்துபோனது. சில்லுகளைப் பொறுக்கி, குப்பைக்கூடையில் காய்கறித் தோலுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தான். அதைவிட இன்னொன்றுதான் என் கண்ணில் பட்டது. முன்னறையில் மாட்டியிருக்கும் வாக்குத்தத்த காலண்டர் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதில் நல்ல மேய்ப்பர் படம் இருக்கும். "ஏன் ஐயா இதைத் திருப்பிவைத்தாய்?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "இயேசப்பா பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று நீதானே அம்மா சொல்வாய்" என்றான்.

அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். பல் துலக்காவிட்டால், பொய் சொன்னால், தங்கையை அடித்தால் "இயேசப்பா பார்க்கிறார்" என்பேன். தின்பண்டத்தில் பாதியைப் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்த நாளில் அதைச் சொன்னதில்லை. காய்ச்சலில் படுத்துக்கொண்டு பயந்த இரவிலும் சொன்னதில்லை. அன்பான ஆண்டவரைப் பிரம்பு பிடித்த காவல்காரராக்கி என் பிள்ளையின் கண்முன் நிறுத்தியது நான்தான். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

அவனுக்குப் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தில்தான் ஞானஸ்நானம் கொடுத்தோம். 1826-இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் எழுந்த தூய திரித்துவப் பேராலயம் அது. நாங்களும் ஞானப்பெற்றோரும் எழுந்து நின்று, இவனை விசுவாசத்தில் வளர்ப்போம் என்று வாக்குக் கொடுத்தோம். அன்று போட்ட வெள்ளைச் சட்டை இன்னும் பெட்டியில் இருக்கிறது, என் உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்தால் அடங்கிவிடும். பிற்காலத்தில், வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல் ஆராதனையில் அவனே தன் வாயால் அந்த வாக்கைச் சொல்லவேண்டும். அதை அவனுக்காக நான் சொல்ல முடியாது.

இதை நினைக்கும்போதெல்லாம் வேதத்தில் வரும் சாமுவேல் தீர்க்கதரிசியின் தாய் அன்னாள்தான் மனதில் வருகிறாள். அழுது அழுது கேட்டுப் பெற்ற பிள்ளையைப் பால் மறந்ததும் சீலோவிலிருந்த ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கென்று விட்டுவிட்டாள். அதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். 1 சாமுவேல் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு சிறிய செய்தி வருகிறது, அதை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். வருஷந்தோறும் பலி செலுத்த வரும்போதெல்லாம் அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுவருவாளாம். பிள்ளை அவளுடைய ஊரான ராமாவில் இல்லை. தோளோடு தோள் வைத்து அளவெடுக்க முடியாது. போன வருஷம் இவ்வளவு இருந்தான், இந்த வருஷம் இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனக்கணக்கில்தானே துணியை வெட்டியிருப்பாள்? கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று விட்டவள்தான், ஆனால் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

"பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து; அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்ற நீதிமொழிகள் 22:6 வசனத்தை எல்லாப் பெற்றோரும் மனப்பாடமாகச் சொல்வோம். பிள்ளை வழிதவறினால் அதே வசனத்தால் அந்தத் தாயைக் குத்திக் காட்டுகிறவர்களும் சபையில் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தச் சாமுவேலின் மகன்களே, யோவேலும் அபியாவும், பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்து பரிதானம் (லஞ்சம்) வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். சாமுவேலுக்கு விசுவாசம் இல்லை என்று யார் சொல்லமுடியும்?

கணவர் ஆலயத்துக்கு வருவதில்லையே என்று கலங்கும் சகோதரிகளே, பவுலின் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் தாய் விசுவாசமுள்ள யூதப் பெண், தகப்பனோ கிரேக்கன். பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும்தான் அவனுக்குள் விசுவாசத்தை ஊன்றினார்கள்.

காலண்டரை நான் திருப்பவில்லை. மூன்று நாள் அப்படியே விட்டேன். அந்த மூன்று நாளும் இரவு ஜெபத்தில், "ஆண்டவரே, இன்று நான் மகனிடம் சிடுசிடுத்ததை நீர் பார்த்தீர், என்னை மன்னியும்" என்று அவன் காதுபட என் குற்றத்தைச் சொன்னேன். மூன்றாம் இரவு, பாயில் என் பக்கமாக நகர்ந்து வந்து, "இயேசப்பா, ஆச்சியின் ஜாடியை உடைத்தது நான்தான்" என்று மெல்லச் சொன்னான். விடிந்து நான் பால் வாங்க எழுந்தபோது நல்ல மேய்ப்பர் அறையைப் பார்த்திருந்தார். ஆச்சியிடமும் அவனே போய்ச் சொல்லிவிட்டான்.

சரி, மடிப்பு இறக்கியாகிவிட்டது. பழைய தையல் தடம் கோடாகத் தெரிகிறது பாருங்கள், துவைத்தாலும் போகாது. அடுத்த வருஷத்துக்கும் ஒரு விரற்கடைத் துணியை உள்ளே விட்டிருக்கிறேன்.

ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்ட பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், பெயரை மட்டும் எழுதி அனுப்புங்கள். இரவு எட்டரை மணிக்குக் குடும்ப ஜெபத்துக்கு உட்காருவோம். இப்போதெல்லாம் பெயர்களை வாசிப்பது என் மகன்தான்.