மழைநீர் டிரம்முக்கு எதை வாங்கலாம்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

நீங்கள் அனுப்பிய கேள்விகளில் வரிசைப்படி பார்த்தால் இது கடைசியில் வரவேண்டியது. நான்தான் முன்னால் இழுத்துவிட்டேன், இரண்டு நாளாக மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் தரைவீட்டில் இருக்கும் அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார்: "பின்பக்கக் கூரைத் தண்ணீரைப் பிடிக்க 200 லிட்டர் டிரம் வாங்கிவிட்டேன் தம்பி. செடிகளுக்கு ஊற்றத்தான். இணையத்தில் பார்த்தால் இலை வடிகட்டி, ஃபர்ஸ்ட் பிளஷ், பம்ப், புற ஊதா விளக்கு, நீர்மட்டம் காட்டும் மீட்டர் என்று என்னென்னவோ விற்கிறார்கள். எதை வாங்கலாம்?"

நல்ல கேள்வி அக்கா. பட்டியலில் ஒன்று குறைகிறது. டிரம் நிறைந்த பிறகு வரும் தண்ணீர் எங்கே போகும்? அதைக் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

தொடர்ந்து பார்ப்பவர்கள் "ஆரம்பித்துவிட்டார்" என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். கணக்கை மட்டும் இன்னொரு முறை போட்டுக் காட்டுகிறேன். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். அக்கா வீட்டுப் பின்கூரை 40 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லிமீட்டர் மழைக்கே 200 லிட்டர் வந்துவிடும், டிரம் நிறைந்துவிடும். நம் ஊர் மழை 5 மில்லிமீட்டரோடு நிற்குமா? விடிகாலையில் சுமத்ரா காற்றோடு அடிக்கும் மழையை நினைத்துப் பாருங்கள். ஒரு மழைக்கு 40 மில்லிமீட்டர் என்றால் 1600 லிட்டர். டிரம்முக்குள் 200, மிச்சம் 1400 லிட்டர் வெளியே. உள்ளே நிற்பதைவிட வழிந்து போவதுதான் அதிகம். அப்படியானால் காசு எதற்குச் செலவு செய்ய வேண்டும்?

கடையில் விற்கும் டிரம் செட்டுகளில் வழிந்தோடும் குழாய் என்று ஒன்று இருக்கும். பார்த்தால் செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் அளவுதான், முக்கால் அங்குலம். மேலே இருந்து இறங்குவது மூன்று அங்குலக் குழாய். பரப்பில் 16 மடங்கு வித்தியாசம். கல்யாண மண்டபத்துக்குப் பெரிய வாசல் வைத்துவிட்டு, வெளியே போக ஜன்னலைக் காட்டுவது மாதிரி. உள்ளே வரும் குழாய் எந்த அளவோ அதே அளவு, முடிந்தால் அதைவிடப் பெரியது, வெளியே போகவும் இருக்க வேண்டும். அதன் மறுமுனை லொங்காங்கில், அதாவது மழைநீர் ஓடும் வடிகாலில், போய் முடிய வேண்டும். சுவரோரம் சும்மா விட்டுவிடக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் இந்தக் கூத்தைப் பார்த்தேன். புற ஊதா விளக்கு இருக்கிறது, கைப்பேசியில் நீர்மட்டம் காட்டும் மீட்டர் இருக்கிறது. வழிந்தோடும் குழாய் மட்டும் அந்த முக்கால் அங்குல ஹோஸ். பெரிய மழை வந்தால் மூடி வழியாகப் பொங்கி, பக்கத்து வீட்டு அங்கிளின் ஷூ ரேக் வரைக்கும் போகும். மீட்டர் என்ன சொல்லும் தெரியுமா? 100 சதவீதம். அது பொய் சொல்லவில்லை, பாவம்.

சரி, அடுத்தது கொசு. ஏடிஸ் கொசு முட்டையில் இருந்து பறக்கிற அளவுக்கு வளர ஒரு வாரம் போதும். டிரம்மில் கொசுப்புழு இருப்பதைத் தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரி கண்டுபிடித்தால் வீட்டுக்காரருக்கு முதல் தடவையே 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். இப்போது தண்ணீர் விலையைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் இருந்து வீட்டுக்கு ஆயிரம் லிட்டர் 3 வெள்ளி 24 காசு. அக்காவின் டிரம் நிறையத் தண்ணீரின் விலை சுமார் 65 காசு. ஓர் அபராதம் கட்டினால் முந்நூறு டிரம் தண்ணீர் போச்சு! இந்த ஊரில் பணம் மிச்சம் பிடிக்க மழைநீர் சேமிக்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். செடிக்கு நல்லது, குளோரின் இல்லை, மனத்துக்குத் திருப்தி. அதற்காகச் செய்யுங்கள்.

அதனால் கொசு புகாமல் தடுக்கும் வலைக்குத் தாராளமாகச் செலவு செய்யலாம். வலையின் கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. துருப்பிடிக்காத எஃகு வலையாக வாங்குங்கள், பிளாஸ்டிக் வலை வெயிலில் நொறுங்கிவிடும். எல்லாரும் தண்ணீர் உள்ளே வரும் வாயில் அழகாக வலை போடுகிறார்கள். வழிந்தோடும் குழாயின் வாயை மறந்துவிடுகிறார்கள். கொசு அந்த வழியாக ஜம்மென்று உள்ளே போகும். மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறேன் பாருங்கள்! ஏடிஸ் முட்டைகள் தண்ணீருக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. காலி செய்யும்போது உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள்.

ஃபர்ஸ்ட் பிளஷ் வாங்கலாமா? புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: மழையின் முதல் தண்ணீர் கூரையின் தூசி, பறவை எச்சம் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வரும். அதைத் தனிக் குழாயில் ஒதுக்கிவிட்டு, பிறகு வருவதை டிரம்முக்கு விடுகிற ஏற்பாடு. குறைந்தது சதுர மீட்டருக்கு அரை லிட்டர் ஒதுக்க வேண்டும், அக்கா வீட்டுக்கு 20 லிட்டர். நாலு அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 8 லிட்டர்தான் பிடிக்கும், எனவே இரண்டரை மீட்டர் உயரம் வேண்டும். கடையில் விற்கும் குட்டிக் குழாயில் இது நடக்காது. அடியில் இருக்கும் சொட்டுத் துளை அடைத்துக்கொண்டால் அடுத்த மழைக்கு அது வேலை செய்யாது, கொசுவுக்கு இன்னொரு வீடும் ஆகிவிடும். பூச்செடிக்கு மட்டும் என்றால் நான் வாங்கமாட்டேன். இலை வடிகட்டி போதும், அதையும் வாரம் ஒருமுறை தட்டிவிட வேண்டும். கீரை, கொத்தமல்லி என்று பச்சையாகச் சாப்பிடுவதற்கு ஊற்றுவதாக இருந்தால் செலவு செய்யலாம்.

புற ஊதா விளக்கு வேண்டவே வேண்டாம், குடிக்கப் போவதில்லையே. பம்ப்பும் வேண்டாம். டிரம்மை உயரத்தில் வைத்தால் பூவாளி நிரம்பும், அவ்வளவு போதும். ஆனால் நிறைந்த டிரம் 200 கிலோ. மேசை, பழைய அலமாரி எல்லாம் தாங்காது. நல்ல சமமான கான்கிரீட் கட்டைகள் மேல் வையுங்கள், பேரப்பிள்ளைகள் வரும் வீடு என்றால் சுவரோடு பட்டை போட்டுக் கட்டுங்கள். செடிக்கு எடுக்கும் குழாயை அடியில் இருந்து நாலைந்து அங்குலம் மேலே வையுங்கள், கீழே சேறு நிற்கும். சேற்றை வெளியேற்ற அடியில் தனியாக ஒரு வால்வு. வெளிச்சம் உள்ளே போகாத டிரம்மா என்றும் பாருங்கள், போனால் பாசி பிடிக்கும்.

ஊரில் நம் வீட்டில் பெரிய தொட்டி இருக்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அங்கே மழை சில மாதத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும், அதை நிலத்துக்குள் இறக்கி வைக்க வேண்டும். இங்கே ஆண்டு முழுவதும் பெய்கிறது, சிறிய டிரம் அடிக்கடி நிரம்பும். லொங்காங்கில் போனாலும் வீணில்லை. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, அங்கே வழிந்தோடும் மழை நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது.

கழிவறைக்கும் இந்தத் தண்ணீரை விடலாமா என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். விடலாம் அக்கா, ஆனால் குடிநீர்க் குழாயோடு எந்த இடத்திலும் சேரக் கூடாது. அது உரிமம் பெற்ற பிளம்பர் செய்ய வேண்டிய வேலை, தெரிந்த பையன் வந்து செய்கிற வேலை இல்லை. அதற்கு முன்னால் உங்கள் டிரம்மின் வழிந்தோடும் குழாய் எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதி அனுப்புங்கள்.