தகடூருக்கு ஒரு பாடல் தொடர்

(தருமபுரியில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, இசை படிக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

புறநானூற்றுக்கு மெட்டுப் போடும் ஆசை இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் பெரும்பாலும் முதல் அடியைப் பல்லவி ஆக்கிவிட்டு, நாலு அடிக்கு ஒருமுறை அங்கேயே வந்து நிற்கிறார்கள். கீர்த்தனைக்கு அது சரி, அதன் சாகித்தியமே அப்படி எழுதப்பட்டது. புறநானூற்றின் யாப்பான அகவலில் ஒரு வாக்கியம் ஏழெட்டு அடி ஓடித்தான் முடியும். நடுவில் பல்லவிக்குத் திரும்பினால் பொருள் அறுந்துவிடும்.

அதனால் நான் சொல்வது: பாட்டுக்குள் திரும்பி வராதீர்கள், ஒரு பாட்டில் வந்ததை இன்னொரு பாட்டில் திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஐரோப்பாவில் இதற்கென்றே ஒரு வடிவம் உண்டு. வில்ஹெல்ம் முல்லரின் 24 கவிதைகளை 1827-ல் ஷூபர்ட் ஒரு குரல், ஒரு பியானோ என்று தொடராக இசையமைத்தார். காதலை இழந்தவன் பனியில் நடந்து போகிறான், அவ்வளவுதான் கதை. பாடல்களின் வரிசைதான் நம்மைப் பிடித்து வைக்கிறது. கவிஞர் ஒருவர், இசை இன்னொருவர் என்பது நமக்கும் புதிதல்ல. பரிபாடலில் பல பாட்டுகளின் அடியில் இயற்றியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணும் குறித்திருக்கிறது. புறநானூற்றுக்கு அப்படிக் குறிப்பு இல்லாததால் நமக்குக் கை கட்டவில்லை.

சரி, எந்தப் பாட்டுகள்? அதியமான் ஆண்ட தகடூர்தானே இந்தத் தருமபுரி, இங்கே உட்கார்ந்துகொண்டு வேறு எங்கே தேடுவது? புறநானூற்றில் ஔவை அதியமானைப் பாடியதில் நான்கை எடுக்கிறேன்: 95, 91, 235, 232, இதே வரிசையில்.

95-ல் எதிரி அரசன் தொண்டைமானின் படைக்கலங்கள் ‘பீலி அணிந்து மாலை சூட்டி’ நெய் பூசி அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ போரில் நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. கிண்டலான பாட்டு, துள்ளலாகப் போகட்டும். ‘பீலி’ வரும் இடத்துக்கு மட்டும் நாலு சுரத்தில் ஒரு சின்னப் பிடி வைத்துக்கொள்ளுங்கள். 91 நெல்லிக்கனி. அதை எல்லாரும் அறிவோம், சுருக்கமாகப் பாடி நகரலாம்.

235-தான் மலை, அதியமான் இறந்தபின் பாடியது. ‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே’ - கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் குடித்து மகிழ்வான். இப்படி அடிக்கு அடி ‘மன்னே’ என்று முடிகிறது. உடனே முகாரியை எடுக்காதீர்கள், தயவுசெய்து! நம் ஊர் ஒப்பாரியில் அழுகிறவள் செத்தவனின் பெருமையை ஒவ்வொன்றாக அடுக்குவாள் அல்லவா, அந்த நடையில் ஒவ்வொரு ‘மன்னே’யும் அதே சுரத்தில் வந்து விழட்டும். அப்புறம் பாட்டு திசை மாறுகிறது. அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணரின் மண்டையை, அதாவது உண்கலத்தை, துளைத்து, இரப்போர் கைகளையும் துளைத்து, புலவர் நாவில் போய் விழுகிறது. இங்கே மத்தளம் நுழைய வேண்டும், அதுவரை வாசிக்கவே கூடாது. ‘இனிப் பாடுநரும் இல்லை’ என்ற இடத்தில் எல்லா வாத்தியமும் நிற்கட்டும். பாடுகிறவர் இல்லை என்பதையும் ஒருவர் பாடித்தானே சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசியாக 232. ‘நடுகல் பீலி சூட்டி’ - 95-ல் ஆயுதத்துக்குச் சூட்டிய அதே மயில்பீலி, இப்போது இறந்த அதியமானின் நடுகல்லுக்கு. அந்த நாலு சுரத்தையும் இங்கே பாதி வேகத்தில் பாடுங்கள். சிறு கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்களே, நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானோ என்று ஔவை கேட்கிறாள். கள்ளும் 235-லிருந்து திரும்பி வந்துவிட்டது. வேடியப்பன் என்று நடுகல்லுக்குப் பொங்கல் வைக்கிற நம் மாவட்டத்தாருக்கு இதற்கு உரை வேண்டாம்.

வயலினுக்குப் பதில் தெருக்கூத்து முகவீணையைக் கூப்பிடுங்கள். பாடுவது ஒரே பெண் குரலாக இருக்கட்டும். நாலு பாட்டும் முடியும்வரை கைதட்ட வேண்டாம் என்று சபையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.