முசோலினியும் முதலாளிகளும்

[திரையில்: மிலான், 1919]

பாசிஸ்டுகள் முதலாளிகளுக்கு எதிரியா, கூட்டாளியா? அவங்க மேடையில பேசினதைக் கேட்டா தலை சுத்தும். அதனால இத்தாலியில அவங்க போட்ட சட்டங்களைப் பார்ப்போம்.

1919-ல பாசிஸ்டுகளோட தலைவர் முசோலினியோட ஆளுங்க வெளியிட்ட திட்டம் இது: எட்டு மணி நேர வேலை, மூலதனத்துக்குக் கடுமையான வரி, போர்ல சம்பாதிச்ச லாபத்துல 85 சதவீதம் பறிமுதல். இதுக்கு முன்னாடி இடதுசாரிக் கட்சி அறிக்கையே தோத்துடும். ஆனா அந்த வருஷத் தேர்தல்ல அவங்களுக்கு ஒரு சீட்டுகூட வரல.

1920-ல தொழிலாளர்கள் ஆலைகளைக் கைப்பற்றினதும் காத்து மாறுது. மிரண்டுபோன முதலாளிகளும் நிலக்கிழார்களும் பாசிஸ்டுகளோட அடியாள் கூட்டமான கறுப்புச் சட்டைப் படைக்குப் பணம் கொடுத்தாங்க. அந்தப் படை தொழிற்சங்க அலுவலகங்களைக் கொளுத்துச்சு.

[திரையில்: ரோம், 1922]

முசோலினி ஆட்சிக்கு வந்த பிறகு, அவரோட நிதியமைச்சர் அல்பெர்தோ டி ஸ்டெஃபானி தொலைபேசிச் சேவையைத் தனியாருக்கு வித்தார். ஆயுள் காப்பீட்டுல அரசுக்கு இருந்த ஏகபோகமும் போச்சு. மூலதனத்துக்கு வரி கேட்ட அதே கட்சி, நெருங்கின சொந்தத்துக்குள்ள கைமாறுற சொத்துக்கு வாரிசு வரியையே எடுத்துடுச்சு!

முக்கியமானது 1926 சட்டம். வேலைநிறுத்தமும் தடை, முதலாளி ஆலையை இழுத்து மூடுற கதவடைப்பும் தடை. கேட்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா சொந்தமா ஒரு சங்கமே இல்லாத தொழிலாளி எதை வெச்சுப் பேரம் பேசுவான்? அடுத்த வருஷமே கூலியை 10 முதல் 20 சதவீதம் வரை வெட்டினாங்க. அதே 1927-ல வந்த தொழிலாளர் சாசனம், தேசத்துக்கு அதிகம் பயன்படுறது தனியார் முயற்சிதான்னு சொல்லுது. கூடவே ஒரு கொக்கி: உற்பத்தியை எப்படி நடத்துறார்னு முதலாளி அரசுக்குப் பதில் சொல்லணும்.

[திரையில்: 1933]

பெருமந்தத்துல வங்கிகள் தள்ளாடினப்போ, ஐ.ஆர்.ஐ.ங்கிற அரசு நிறுவனம் பெரிய வங்கிகளையும், அவங்ககிட்ட இருந்த உருக்கு, கப்பல் கம்பெனிப் பங்குகளையும் எடுத்துக்கிச்சு. இதை சோஷலிசம்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணல. ஃபியட் கார் கம்பெனி அன்யெல்லி குடும்பத்துகிட்டயேதான் இருந்தது. அதே வருஷம், புது ஆலை தொடங்க அரசு அனுமதி கட்டாயம்னு சட்டம் வந்தது. ஏற்கெனவே பெரிய ஆளா இருந்தவங்களுக்குப் போட்டி குறைஞ்சா கசக்குமா என்ன?

[திரையில்: 1938]

முதலாளி அரசுக்குப் பதில் சொல்லணும்ங்கிற அந்தக் கொக்கி நவம்பர் மாச இனச் சட்டத்துல இறுகுச்சு. 100 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற நிறுவனம் யூதர் கையில இருக்கக் கூடாது. ஆரம்பத்துலயே கட்சியில சேர்ந்திருந்தவங்க, போர்ல பதக்கம் வாங்கினவங்கன்னு சில வகை யூதர்கள் மட்டும் விலக்கு கேட்டு மனுப் போடலாம்.