சத்தம் அடங்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

சமையலைப் பற்றி வானொலியில் பேச வாருங்கள் என்று கூப்பிட்டபோது கொஞ்சம் தயங்கினேன். மணத்தை அனுப்ப முடியாது, நிறத்தைக் காட்ட முடியாது, வெறும் வாயால் முழம் போடுகிற வேலைதானே என்று தோன்றியது. பிறகுதான் கோழி ரெக்கை ஞாபகத்துக்கு வந்தது. ரெக்கையை மொறுமொறுவென்று வறுத்தெடுக்கக் கண்ணைவிடக் காதுதான் ஒத்தாசை. கொத்துப் பரோட்டாச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே வயிறு விழித்துக்கொள்கிற ஊர் நம் மதுரை. சாப்பாட்டைக் காதால் அறிவது நமக்குப் புதிதில்லை.

நான் பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம். அப்போதெல்லாம் வீட்டில் கோழி அடிக்கிறார்கள் என்றால் விருந்தாளி வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாருக்காவது காய்ச்சல் வந்து தேறியிருக்க வேண்டும். தொடைக்கறி விருந்தாளிக்கு, ஈரல் கடைக்குட்டிக்கு, ரெக்கையும் கழுத்தும் சமைத்தவளுக்கு. எல்லோரும் கை கழுவிய பிறகு அம்மா அடுப்படியில் உட்கார்ந்து ஒரு ரெக்கையை வைத்து அரை மணி நேரம் கடித்துக்கொண்டிருப்பாள். பாவம், நல்ல கறியெல்லாம் போய்விட்டதே என்று நினைப்பேன். அவள் ஒன்றும் ஏமாளி இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. கோழியில் தோலும் கொழுப்பும் எலும்பும் கறியும் ஒரே வாயில் கிடைக்கிற இடம் அதுதான்.

அமெரிக்காவிலும் ரெக்கைக்கு வெகுகாலம் இதே கதிதான், சூப்புக் கொதிக்க வைக்கப் போட்டுவிடுவார்கள். 1964-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், ஆங்கர் பார் என்ற கடையில் தெரசா பெலிசிமோ என்ற அம்மாள் அதை எண்ணெயில் பொரித்து, காரச் சாஸும் வெண்ணெயும் சேர்த்துப் புரட்டிக் கொடுத்தார் என்று சொல்கிறார்கள். பஃபலோ விங்ஸ் என்று இன்று ஓட்டல் அட்டையில் இருப்பது அந்த ஊரின் பெயரால் வந்தது. எருமைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எங்கள் தெருவில் ஒருவர் எருமைக்கறி என்று நினைத்து அதைத் தொடாமலே இருந்தார்.

எனக்கு இந்தப் பித்து பேரனால் வந்தது. லீவுக்கு வந்தவன் ரெக்கை வறுவல் வேண்டும் என்றான். நானா செய்ய மாட்டேன்? தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், ஒரு முட்டை எல்லாம் போட்டுப் பிசைந்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஒரு கிலோவையும் ஒரே ஈடாகச் சட்டியில் கொட்டினேன். எண்ணெய் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மசாலா தனியே கழன்று அடியில் கருகியது. ரெக்கை மட்டும் தொளதொளவென்று, மழையில் நனைந்த கோழி மாதிரியே வெளியே வந்தது. பேரன் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "அம்மாச்சி, இது வறுவல் இல்ல, அவியல்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். வற்றலும் வடகமும் நாம் எப்படிப் பொரிக்கிறோம்? சித்திரை வெயிலில் மாடியில் காயவைத்து, கையில் எடுத்தால் சலசலக்கிற பதம் வந்த பிறகுதானே எண்ணெயில் போடுகிறோம். அரைகுறையாகக் காய்ந்த கூழ்வற்றலைப் பொரித்தால் நடுவில் கல் மாதிரி நிற்கும். கறியிலும் நம்மிடம் அந்த வித்தை உண்டு, உப்புக்கண்டம். ஆட்டுக்கறியை நீளமாகக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து வெயிலில் தொங்கவிட்டு, காக்காய்க்குக் காவல் இருந்து, காய்ந்த பிறகு எண்ணெயில் போட்டால் எப்படி வரும்! இத்தனையும் தெரிந்த நான், ரெக்கை என்றதும் அதைத் தயிரில் குளிப்பாட்டி எண்ணெயில் இறக்கியிருக்கிறேன்.

விஷயம் இவ்வளவுதான். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகும். தோலில் ஈரம் இருக்கிற வரைக்கும், சுற்றியுள்ள எண்ணெய் எவ்வளவு காய்ந்திருந்தாலும், தோலின் சூடு அந்த 100 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும். பொன்னிறமும் வறுத்த வாசனையும் வர ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். ஈரம் போனால்தான் சூடு அதுவரை ஏறும். மசாலாவில் எத்தனை சாமான் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

கடையிலிருந்து ஆரம்பிப்போம், அங்கேதான் முதல் சிக்கல். நம் ஊரில் பிராய்லர் கோழியை அறுத்ததும் தோலோடு சேர்த்து இறகை ஒரே இழுப்பில் உரித்துவிடுவார்கள். தோல் இல்லாத ரெக்கையில் மொறுமொறுப்புக்கு வழியே இல்லை. தோலோடு வேண்டும் என்றால் வெந்நீரில் முக்கி இறகை மட்டும் பிடுங்க வேண்டும். நான் முதலில் கேட்டபோது கடைக்கார பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தோலோடயாம்மா? கொழுப்பாச்சே, டாக்டரு திட்டப் போறாரு."

"திட்டுனா நான் வாங்கிக்கிறேன் பாய், நீங்க தோல விட்டுக் குடுங்க."

"எத்தனை கிலோ?"

"ஒரு கிலோ ரெக்கை மட்டும்."

அவர் சிரித்துவிட்டார். ஒரு கோழிக்கு இரண்டு ரெக்கைதானே. கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு ரெக்கை நிற்கும், அப்படியென்றால் ஐந்தாறு கோழி வேண்டும். ஆகவே முதல் நாள் சாயங்காலமே சொல்லி வைத்துவிடுங்கள். துண்டு போடாமல் முழு ரெக்கையாகத் தரச் சொல்லுங்கள். அவர்கள் கத்தியில் எலும்பு சில்லுச் சில்லாகப் போய்விடும். வீட்டில் நீங்களே மடக்கிப் பார்த்தால் இரண்டு மூட்டு தெரியும். மூட்டின் இடுக்கில் கத்தியை வைத்து அழுத்தினால் வெண்ணெய் மாதிரி இறங்கும். எலும்பில் முட்டினால் கத்தியை ஒரு நூல் தள்ளிப் பாருங்கள். குட்டித் தொடை மாதிரி ஒன்று, இரட்டை எலும்போடு தட்டையாக ஒன்று, கடைசியில் கூர்நுனி. நுனியை எறிந்துவிடாதீர்கள், அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் அலசாமல் நமக்கு மனசு ஆறாது. குழாயைத் திறந்துவிட்டு அடியில் காட்டாதீர்கள். தெறிக்கிற தண்ணீரோடு கோழியில் இருக்கிற கிருமி பக்கத்துக் கொத்தமல்லிக் கட்டு வரைக்கும் போகும். பாத்திரத்தில் வைத்து மெதுவாக அலசி, பழைய பருத்தித் துணியால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுங்கள். ஒற்றியது போதும் என்று தோன்றிய பிறகு இன்னொரு துணி எடுத்து இன்னொரு தடவை ஒற்றுங்கள். துணிகளை உடனே வெந்நீரில் போட்டுவிடுங்கள்.

கிலோவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. பிரட்டி, கண் உள்ள இட்லித் தட்டிலோ கம்பித் தட்டிலோ ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, அடியில் ஒரு தாம்பாளம் வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் ராத்திரி முழுக்க விடுங்கள். உப்பு ஈரத்தை வெளியே இழுக்கும், உள்ளே சுற்றுகிற வறண்ட காற்று அதை வாங்கிக்கொள்ளும். காலையில் தொட்டுப் பார்த்தால் தோல் இறுகி, தடவினால் பழைய பட்டுத்துணி மாதிரி இருக்கும். நம் உப்புக்கண்டம்தான், வெயிலுக்குப் பதில் குளிர். இதை மாடியில் காயப்போடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். தோலோடு எலும்போடு இருக்கிற பச்சைக் கோழி நம் வெயிலில் ஒரு மணி நேரம் தாங்காது.

கீழ்த்தட்டு என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மேலே வைத்தால் சொட்டுகிற தண்ணீர் மற்றதில் விழும். என் மருமகளுக்கு வேறு காரணம். முதல் தடவை அவள் மறுநாள் கல்யாணத்துக்காக வாங்கிவைத்த நாலு முழம் மல்லிகை அதே ஃபிரிட்ஜில் இருந்தது. மதுரை மல்லி எதையும் வாசனையால் வென்றுவிடும் என்று நினைத்தேன். வெல்லவில்லை. இப்போதெல்லாம் பூவை டப்பாவில் போட்டு இறுக மூடிய பிறகுதான் ரெக்கை உள்ளே போகிறது.

இனி வறுவல். காய்ந்த ரெக்கையில் இரண்டு பங்கு அரிசி மாவும் ஒரு பங்கு கார்ன்ஃபிளவரும் கலந்து, பூசியதே தெரியாத அளவு தூவி உதறிவிடுங்கள். அரிசி மாவு மைதாவைப் போல இழுவை கட்டாது, எண்ணெயும் அவ்வளவு குடிக்காது. முறுக்குக்கும் சீடைக்கும் அது நமக்குத் தெரிந்த கதைதான். எண்ணெய்க்கு நான் ரீஃபைண்ட் கடலை எண்ணெய்தான் சொல்வேன். செக்கு எண்ணெய்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். குழம்புக்கும் தாளிப்புக்கும் அதற்கு நிகரில்லை, ஆனால் அதில் இருக்கிற கசடு இந்தச் சூட்டில் கருகிப் புகையும்.

இரண்டு தடவை பொரிக்க வேண்டும். முதல் தடவை மிதமான சூடு, 150, 160 டிகிரி. ஒரு சிட்டிகை மாவைப் போட்டால் அடியில் போய் நிதானமாக எழும்பி வர வேண்டும். ஆறேழு துண்டுக்கு மேல் போடாதீர்கள். இப்போது காதைக் கொடுங்கள். போட்ட உடனே ஆடி மழை ஓட்டுக்கூரையில் விழுகிற மாதிரி சடசடவென்று இரைச்சல் வரும். அந்தச் சத்தமே ஈரம்தான், தோலில் மிச்சமிருக்கிற தண்ணீர் ஆவியாகி எண்ணெயைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. எட்டு, பத்து நிமிடத்தில் மழை தூறலாகும். பெரிய குமிழெல்லாம் போய்ச் சின்னச் சின்னக் குமிழாக, கிசுகிசு என்று பேசுகிற மாதிரி ஒரு சத்தம். அப்போது எடுங்கள். நிறம் வெளுத்துத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

கம்பித் தட்டில் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். உள்ளே இருக்கிற ஈரம் மெல்லத் தோலுக்கு வரும். அதற்காகத்தான் இரண்டாவது பொரிப்பு. எண்ணெயை அப்பளம் பொரிக்கிற சூட்டுக்கு, 190 டிகிரிக்கு ஏற்றி, இரண்டு மூன்று நிமிடம். மறுபடி ஒரு சின்ன இரைச்சல் கேட்டு அடங்கும். கரண்டியால் தட்டினால் டொக்கென்று காய்ந்த நெற்று மாதிரி ஒலிக்கும். சந்தேகம் இருந்தால் பெரிய துண்டு ஒன்றை எலும்பை ஒட்டிக் கீறிப் பாருங்கள், சிவப்புத் தண்ணீர் வரக்கூடாது. வெப்பமானி இருந்தால் உள்ளே 74 டிகிரி தாண்டியிருக்க வேண்டும். ரெக்கைக்கு அதற்கு மேல் 85 வரை போனாலும் நஷ்டமில்லை, சவ்வு கரைந்து கறி எலும்பைவிட்டு லேசாகக் கழன்று வரும். நெஞ்சுக்கறிதான் அந்தச் சூட்டில் சக்கையாகிவிடும்.

இவ்வளவு எண்ணெய் வேண்டாம் என்பவர்கள் ஓவனிலோ ஏர் ஃபிரையரிலோ செய்யலாம். அதற்கு மாவு வேண்டாம். முதல் நாள் உப்போடு கிலோவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்த்துத் தடவி வையுங்கள், உப்பை மட்டும் கொஞ்சம் குறைத்து. தோலின் காரத்தன்மையை (மிளகாய்க் காரம் இல்லை, புளிப்புக்கு எதிரான குணம்) அது லேசாக ஏற்றுவதால் சீக்கிரம் சிவக்கும், பொடிப்பொடிக் குமிழ் வந்து மேல்பக்கம் சொரசொரப்பாகும். ஓவன் என்றால் கம்பித் தட்டில் 220 டிகிரியில் முக்கால் மணி நேரம், ஏர் ஃபிரையர் என்றால் 200 டிகிரியில் இருபது, இருபத்தைந்து நிமிடம், நடுவில் ஒரு தடவை திருப்பி. பேக்கிங் பவுடர் என்றுதான் சொன்னேன். ஆப்பசோடா வேறு. இரண்டும் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று ஆப்பசோடாவைத் தடவிய ஒரு பெண்மணியை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கிலோவும் சோப்பு மாதிரி கசந்தது. அந்த வாரம் முழுக்க அவளிடம் வீட்டில் யாரும் சமையல் பேச்சு எடுக்கவில்லை. நான்தான் அது.

காரம் கடைசியில். முதலிலேயே மிளகாய்த்தூள் போட்டால் அது கருகி எண்ணெயும் கறுக்கும். ராமநாதபுரம் குண்டு மிளகாய் ஏழெட்டை வெந்நீரில் ஊறவைத்து, ஆறு பல் பூண்டும் சிறிது புளியும் உப்பும் வைத்து மையாக அரைத்து, வெண்ணெயை உருக்கி அதில் சுண்டக் காய்ச்சுங்கள், கரண்டியில் ஒட்டுகிற பதம் வரை. தண்ணியாக இருந்தால் பட்ட பாடெல்லாம் வீண். சாப்பிட உட்கார்ந்த பிறகு அகலப் பாத்திரத்தில் போட்டு ஒரு குலுக்கு. எனக்கு அதுகூட வேண்டாம். மிளகும் சோம்பும் வறுத்துப் பொடித்து, எண்ணெயில் பொரிந்த கறிவேப்பிலையோடு மேலே தூவினால், நம் சுக்காவுக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒரு வாசம் வரும். கலர்ப் பொடி எதற்கு என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

வறுத்ததைத் தயவுசெய்து ஹாட்பாக்ஸில் போட்டு மூடாதீர்கள். விருந்தாளி வரும்போது சூடாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில்தான் செய்வோம். உள்ளே ஆவி அடைத்து, ஐந்தே நிமிடத்தில் பேரன் சொன்ன அவியல். முதல் பொரிப்பை முடித்துவைத்துவிட்டு, அவர்கள் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் இரண்டாவது பொரிப்பை ஆரம்பியுங்கள்.

எடுத்துவைத்த கூர்நுனி ஞாபகம் இருக்கிறதா? நாலு சின்ன வெங்காயம், தக்காளி, தட்டிய மிளகு சீரகம் பூண்டு போட்டுக் குக்கரில் அஞ்சாறு விசில் விட்டு வடிகட்டினால் நல்ல கோழி ரசம். அது மட்டும் எங்கள் வீட்டில் இன்றைக்கும் சமைத்தவளுக்குத்தான், நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

வணக்கம்.