சென்னை ஏன் ஓட்டுப் போடவில்லை?

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் நம் பேரூராட்சிகளில் 74 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. நகராட்சிகளில் 68, மாநகராட்சிகளில் 52. சென்னையில் சுமார் 44. ஊர் பெரிதாகப் பெரிதாக ஓட்டு குறைகிறது.

பட்டணத்துக்காரர்களுக்குச் சோம்பல் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நான் ஏற்க மாட்டேன். அதற்குப் பத்து மாதம் முன்பு, சட்டமன்றத் தேர்தலில், கொரோனா பயத்தோடு இதே சென்னையில் 59 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்களே!

அப்புறம் என்னதான் காரணம்? 2011இல் தேர்ந்தெடுத்த சென்னை மாமன்றத்தின், அதாவது கவுன்சிலர்கள் அவையின், பதவிக்காலம் 2016இல் முடிந்தது. அடுத்த தேர்தல் வழக்கில் சிக்கி நின்றது. ஐந்து வருஷத்துக்கும் மேல், அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. அப்போதும் குப்பை வண்டி வந்தது, தெருவிளக்கு எரிந்தது. கவுன்சிலர் இல்லாமலே ஊர் ஓடும் என்ற பாடத்தை மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது நாம்தான். 2011இல் 17 வயதாக இருந்த பெண், முதல் உள்ளாட்சி ஓட்டுக்கு 27 வயது வரை காத்திருந்தாள். அவளைப் போய் பொறுப்பில்லாதவள் என்பதா?

சரி, கவுன்சிலர் வந்துவிட்டார். தெருவில் மேன்ஹோல் பொங்குகிறது. அவரிடம் போனால், அது குடிநீர் வாரியம் பார்ப்பது என்கிறார். கரண்ட் போனால் மின்வாரியம். மெயின் ரோட்டில் பள்ளம் என்றால், பல இடங்களில் அது நெடுஞ்சாலைத் துறை. அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவர் கையில் இல்லை. மேயரையாவது நாம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோமா? 1996இல் அப்படித்தான் செய்தோம். 2022இல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். அதிகாரம் இல்லாத நாற்காலிக்கு ஆள் அனுப்ப வெயிலில் ஏன் நிற்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

பேரூராட்சியில் கவுன்சிலர் பக்கத்துத் தெருக்காரர். டீக்கடையில் நிறுத்திக் கேட்கலாம். சென்னையில் 200 வார்டுக்கு 60 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். ஒரு வார்டுக்கு ஏறக்குறைய 30,000 பேர். முகமே தெரியாத ஆளிடம் என்ன உரிமையோடு கேட்பது?

இதற்காகத்தான் பகுதி சபை வந்தது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. வார்டுக்குள்ளேயே சில தெருக்காரர்கள் உட்கார்ந்து, கவுன்சிலர் முன்னால் வடிகாலையும் பூங்காவையும் பேசலாம். உங்கள் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது? நாளைக்கே வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். தேதி சொல்லாவிட்டால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். தேர்தலுக்கு முந்தைய மாதம் வீடு வீடாக வந்து கும்பிடுவதைவிட, அந்தக் கூட்டத்தை ஒழுங்காக நடத்துவதுதான் ஜனங்களை ஓட்டுச்சாவடிக்குக் கொண்டுவரும் என்று நான் நம்புகிறேன்.